ஏழாம் எண் பிறைக்கல்

யாங்கோனில் எட்டு நாள் இருந்தோம். ஊர் முழுக்கத் தெரிகிற அந்தத் தங்கக் கோபுரத்தை நான் வாடகைக் காரின் ஜன்னல் வழியாக இரண்டு முறை பார்த்ததோடு சரி. திரும்பி வந்ததும் எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். "நல்ல கூட்டம்" என்று சொல்லி வைத்தேன். மற்ற நேரமெல்லாம் என்ன செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். சொல்லலாம் என்று தோன்றுகிறது.

என் கணவருக்கு விருதுநகரில் பருப்பு வியாபாரம். வருடத்துக்கு ஒரு முறை உளுந்து பார்க்க பர்மா போவார். அந்த வருடம் நானும் வருகிறேன் என்றேன். "பதினாலு மாசப் பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கடல் தாண்டியா?" என்றார் மாமியார். ஊர் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். அது பாதி உண்மை.

மீதிப் பாதி என் கைப்பையில் இருந்தது, புகைப்படச் சுருள் வருகிற சின்ன பிளாஸ்டிக் டப்பாவில், பஞ்சு சுற்றிப் பதினோரு கற்களாக. திருமணத்துக்கு முன்னால் இரண்டு குளிர்காலம் ராஜஸ்தான் பாலைவனத்தில் வேலை செய்தேன். மணலுக்குள் வாழ்ந்த ஆதிமனிதர்கள் தங்கள் கருவிகளை எந்தெந்தக் கல்லில் செய்தார்கள், அந்தக் கல்லை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பது என் ஆய்வு. மணல்மேட்டில் தானாகக் கிடக்கிற கல் கிடையாது. நகத்தளவு சில் ஒன்று கிடைத்தாலும் அதை யாரோ ஒருவர் பல மைல் தூரம் கையில் எடுத்து வந்திருக்கிறார் என்று அர்த்தம். சக்கிமுக்கி இனத்துச் செர்ட், அகேட், கால்சிடனி, ஜாஸ்பர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிக்கொண்டே வந்தேன். இந்தப் பதினொன்றில் முட்டிக்கொண்டு நின்றேன். மேலே சுண்ணாம்புப் படிவு ஏறிப்போன பழுப்புக் கற்கள். பட்டியலில் 'பழுப்புச் செர்ட்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டேன். பிறகு கல்யாணம், பிறகு மீனு. கேள்விக்குறி அப்படியே இருந்தது.

யாங்கோனில் டோ மியா என்று ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியை இருந்தார். 'டோ' என்பது அங்கே வயதில் பெரிய பெண்களுக்கான மரியாதை. பர்மாவின் நடுப்பகுதி மழை குறைந்த வறண்ட நாடு. அங்கே பழைய மனிதர்கள் கல்மரத்தில் கருவி செய்திருக்கிறார்கள், அதாவது மரமே கல்லாக மாறிப்போனதில். அவர் அதைப் பல வருடம் கையாண்டவர். இந்தப் பதினொன்றும் கல்மரமாக இருக்குமோ என்று நான் எழுதிக் கேட்டதற்கு, "கொண்டு வா, ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன்" என்று என் கல்யாணத்துக்கு முன்பே கடிதம் போட்டிருந்தார். நான்கு வருடம் கழித்துப் பதில் எழுதினேன். "இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், வா" என்று ஒரே வரியில் பதில் வந்தது. துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி, ஆய்வகத்தில் இருந்த அந்தக் கற்களைக் கடன் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பகுதியில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், வள்ளி அக்கா வீட்டில் தங்கினோம். அவர் கணவர் என் கணவருக்குத் தரகர். வந்த மறுநாள் விடியும் முன்னே ஆண்கள் இருவரும் சரக்குப் பார்க்க மாண்டலே போய்விட்டார்கள். கைபேசி என்பது அங்கே அப்போது பெரிய மனிதர்கள் வீட்டுச் சாமான். தெருமுனையில் மேசை போட்டு, குடைக்குக் கீழே ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அதிலும் மாண்டலே கிடைக்காது.

வள்ளி அக்கா வாசலில் தோசைக் கடை போட்டிருந்தார். பர்மாக்காரர்கள் 'டோஷே' என்று கேட்டு வாங்குவார்கள். உள்ளே அவித்த பட்டாணியும் வெங்காயமும் வைத்து மடித்துத் தருவார். சாம்பார் நம் ஊர் ரசத்துக்குத் தங்கை. ஆனால் அந்தப் பட்டாணி மணத்தை விருதுநகரில் நான் எத்தனையோ முறை செய்து பார்த்தும் கொண்டுவர முடியவில்லை. என் கன்னத்திலும் மீனுவின் கன்னத்திலும் தனகா மரப்பட்டையைச் சந்தனம் மாதிரி அரைத்துப் பூசிவிட்டு, "இப்பத்தான் மனுசியா இருக்கே தங்கச்சி" என்றார்.

டோ மியாவின் வீடு தாகேதாவில், ஓடைக்கு அந்தப் பக்கம். வழிகாட்ட வள்ளி அக்காவும் வந்தார். கார் என்னைவிட வயதில் மூத்தது. சாலையில் வலப்பக்கம் போகிறார்கள், ஓட்டுநரும் வலப்பக்கமே உட்கார்ந்திருக்கிறார். முந்தும்போது எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது, முன்னிருக்கையில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். வள்ளி அக்கா அந்த வேலையைச் செய்துகொண்டே வெற்றிலையும் போட்டார். என் காலடியில் ஒரு ஓட்டை, அதன்மேல் ஒரு பாய்த்துண்டு. மீனு பாயைத் தள்ளிவிட்டு, ஓடுகிற தார்ச்சாலையை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. நேரம் போகவில்லை. டப்பாவைத் திறந்து ஏழாம் எண் குறித்த கல்லை எடுத்தேன். பிறை வடிவம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. நாக்கை நீட்டி ஒரு முறை நக்கினேன். காய்ந்த கல் தன் நிறத்தைக் காட்டாது, நனைந்தால்தான் உள்வரி தெரியும். மணல்வெளியில் அதற்காகத் தண்ணீரை வீணாக்க முடியாது. அந்த முகாமில் எல்லோரும் நக்குவோம்.

"அமலே!" என்று பர்மாக்காரர்கள் மாதிரியே பதறிக்கொண்டு வள்ளி அக்கா திரும்பினார். "கல்ல நக்குறியே! நான் சோறு போடலேன்னு ஊருக்குக் காட்டுறியா?"

இருவரும் சிரித்தோம். படிவுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது. ஓட்டுநர் இறங்கி முன்மூடியைத் திறந்தார். நான் மீனுவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கல்லை டப்பாவில் போட்டேன். போட்டதாகத்தான் நினைத்தேன். மூடுமுன் பழக்கத்தில் எண்ணினேன். பத்து.

மறுபடி எண்ணினேன். இருக்கையைத் தடவினேன். மீனுவின் கையை விரித்தேன். அவள் ஒரு முறை இருமினாள், கண்ணில் நீர் வந்தது, எச்சிலை விழுங்கினாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, நாக்கை நீட்டிக் காட்டினாள். சற்று முன் நான் செய்த அதே மாதிரி.

ஓட்டுநர் குனிந்து காருக்கு அடியில் தேடி ஒரு சோடா மூடியை எடுத்து வந்தார். அவர் சொன்னதை வள்ளி அக்கா மொழிபெயர்த்தார்: "ஓட்டை வழியாப் போயிருக்குமாம். போன மாசம் ஒரு அம்மாவோட செருப்பே போயிருச்சாம்."

அதை நம்ப எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! நம்பியிருந்தால் நேரே டோ மியா வீட்டுக்குப் போயிருப்பேன். மீனுவைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் வந்த வழியே ஓடினேன்.

பாலம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன மருத்துவமனை இருந்தது. டாக்டர் ஒரு இளைஞர், மெல்லிய குரல், ஆங்கிலம் பேசினார். மின்சாரம் இல்லை. எக்ஸ்ரே இயந்திரத்தை இழுக்கிற அளவுக்கு அவருடைய ஜெனரேட்டருக்குத் தெம்பில்லை. ஐந்து மணிக்கு மின்சாரம் வரும், இருங்கள் என்றார். ஐந்தே காலுக்கு வந்தது. படத்தைச் சுவர் விளக்கில் மாட்டினார். தொப்புளுக்குச் சற்று மேலே வெள்ளையாக ஒரு பிறை. அத்தனை சின்ன விலா எலும்புகளுக்குக் கீழே.

"குழந்தைக்கு என்ன வயது?"

"பதினாலு மாதம்."

"கல்லுக்கு?"

"ஏழாயிரம் வருடம் இருக்கலாம்" என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"கூர் உண்டா?"

அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. செர்ட்டை உடைத்தால் கண்ணாடி மாதிரி விளிம்பு வரும். புதிதாக உடைத்ததில் என் விரலே அறுபட்டிருக்கிறது. அதைச் சொன்னேன். பிறகு, இந்தப் பிறையின் வளைந்த முதுகைச் செய்தவர்களே மழுக்கியிருப்பார்கள், மரப்பிடியில் பிசின் வைத்து ஒட்டுவதற்காக, நேரான ஒரு பக்கம் மட்டும்தான் கூர், அதுவும் மணலில் தேய்ந்தது, படிவு ஏறியது என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவருக்குச் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா தெரியவில்லை.

"பெரும்பாலும் தானாக வந்துவிடும். பேதி மருந்து கொடுக்காதீர்கள். வழக்கமான சாப்பாடு கொடுங்கள். வாந்தி, வயிற்று உப்புசம், இரத்தம், எது தெரிந்தாலும் உடனே ஓடி வாருங்கள். வருகிற ஒவ்வொன்றையும் சோதித்துப் பாருங்கள்."

வீட்டுக்கு வந்ததும் வள்ளி அக்கா விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்தார். நான் அதைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்தேன். வந்த இடத்தில் இப்படி நடந்துகொண்டோமே என்று உடனே வெட்கமாகிவிட்டது. "யபாதே, யபாதே" என்று அவர் என் தோளைத் தட்டினார். பரவாயில்லை என்பதற்கு அவர் வாயில் தமிழ் வருவதே இல்லை. மீனுவுக்குக் குழைந்த சோறும் குட்டையான வாழைப்பழமும் ஊட்டினார். அவள் எங்கள் இருவரையும்விடத் தெளிவாக இருந்தாள்.

மறுநாள் காலை மாவுச் சல்லடையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"கண் பெரிசா இருக்கேக்கா. ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கணும். விளிம்பு உடைஞ்சு தனியா வந்தா இதுல நழுவிரும்."

"உன் பிள்ள பேலுறதுக்கு அளவு வேறயா?" என்றார். ஆனாலும் உள்ளே போய்ப் பழைய கொசுவலையில் ஒரு துண்டைக் கத்தரித்து, மூங்கில் கூடையின் வாயில் இழுத்துக் கட்டித் தந்தார். முகாமில் எங்களுக்கு இருந்ததைவிட அது நல்ல சல்லடை.

பின்கட்டில் சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து, மெல்லிய நீர்த்தாரை விட்டு, கூடையை இடமும் வலமும் அசைத்து அலசினேன். பட்டாணித் தோல். பப்பாளி விதை ஒன்று. கை தானாக அந்த அசைவை எடுத்துக்கொண்டது. மூக்கைத் துணியால் கட்டியிருந்தேன். கண்ணுக்குள் மணல்வெளி வந்து நின்றது. காலைக் குளிரில் விரல் விறைக்க, தொட்டித் தண்ணீரில் மண்ணை அலசுவோம். மண் கரைந்து ஓட ஓட, வலையில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு தேன்நிறம் என்று சில்லுகள் எழுந்து வரும். என் கூடாரத்துத் தோழி ஒவ்வொன்றுக்கும் ஒரு கூவல் போடுவாள். ஆட்டுப்பால் டீ, ரொட்டியில் மணல் நறநறவென்று. பகல் முழுக்க யாரும் என்னை எதற்கும் கூப்பிடமாட்டார்கள். இரண்டு குளிர்காலம் நான் யாருடைய மருமகளாகவும் இல்லை. இந்த நேரத்தில் இதையா நினைக்கிறாய் என்று என்மேலேயே கோபம் வந்தது. தண்ணீரை நிறுத்தினேன். கல் இல்லை.

மதியம் மீனு சாப்பிட மறுத்தாள். வயிறு சற்று இறுக்கமாக இருப்பதாக என் கைக்குத் தோன்றியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அமுக்கிப் பார்த்தால் எந்த வயிறும் இறுகும் என்று வள்ளி அக்கா திட்டினார். அவரிடம் பிள்ளையை விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த அம்மன் கோவிலுக்குப் போனேன். பர்மாப் பெண்கள் தேங்காயும் வாழைச்சீப்பும் வைத்த தட்டோடு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் நின்று வேண்டிக்கொண்டேன். என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் அது வெளியே வரட்டும். இந்த ஆய்வை இத்தோடு விட்டுவிடுகிறேன். இனிக் கல்லைத் தொடமாட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வள்ளி அக்கா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீ அந்த ஆராய்ச்சியத் தொட்டு எத்தனை வருசமாச்சு?"

"நாலு வருசம்."

"நீயே விட்டுட்டதத் திரும்ப விடுறேன்னு நேர்ந்தியா? கடையில விக்காத தோசையச் சாமிக்குப் படைக்கிற கதையா இருக்கு. அம்மன் சிரிச்சிருப்பா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை ஒரு முறை அலசினேன். இல்லை. அடுத்த நாள் காலை பத்தரை மணிக்கு, பட்டாணித் தோலுக்கு நடுவில், வலையில் 'டிக்' என்று ஒரு சத்தம். நீரை இன்னும் கொஞ்சம் விட்டேன். பிறை. முழுப் பிறை. விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன், உடையவில்லை. மீனுவின் இடுப்புத் துணியை மறுபடி பார்த்தேன், இரத்தம் இல்லை. "அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் வள்ளி அக்கா தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். மீனு அவர் இடுப்பில் இருந்தபடி கை தட்டினாள். கடையில் நின்றவர்களுக்கு அவர் பர்மிய மொழியில் ஏதோ உரக்கச் சொன்னார், தெருவே சிரித்தது. மீனுவை வாங்கி, கை கழுவாமலே கட்டிக்கொண்டு அழுதேன்.

சோப்புப் போட்டு, வெந்நீரில் போட்டு, மறுபடி சோப்புப் போட்டுக் கல்லைக் கழுவிய பிறகுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். சுண்ணாம்புப் படிவு போயிருந்தது. ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துப் படிவை எடுப்பது உண்டு. விளிம்பு கெட்டுவிடுமோ என்று பயந்து இந்தப் பதினொன்றையும் நான் செய்யாமலே வைத்திருந்தேன். இரைப்பையில் இருப்பதும் அதே அமிலம்தான். பழுப்புக் கல்லுக்குள் மெல்லிய வரிகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, நெருக்கமாக, லேசாக வளைந்து. மரத்தின் ஆண்டு வளையங்கள். என் கேள்விக்குறி அவிழ்ந்துபோயிற்று. பாலைவனத்து மனிதர்கள் கல்மரத்தையும் தேடி எடுத்திருக்கிறார்கள்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சிதான் உறுத்தியது. முந்தின நாள் என்ன வாக்குக் கொடுத்தேன்? இனிக் கல்லைத் தொடமாட்டேன் என்று சொன்னவள்தானே இப்போது கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்?

"அக்கா, நேர்ந்துக்கிட்டத மாத்திக்கலாமா?"

வள்ளி அக்கா என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "மாத்தலாம். ஆனா அதவிடப் பெரிசாக் குடுக்கணும். குடுக்குறப்ப உனக்கு வலிக்கணும்."

என்னிடம் அப்படி என்ன இருந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மீனுவின் பிறந்த முடி. பங்குனியில் குலதெய்வம் கோவிலில் இறக்குவதாக மாமியார் நாள் குறித்துவிட்டார். தாய்மாமன் மடி, கிடா வெட்டு, பந்தல் வரைக்கும் பேசி முடிந்திருந்தது. அந்த முடி எனக்கு மட்டும் சொந்தமானதில்லை. மாண்டலேயில் இருந்த என் கணவரைக் கேட்கவும் வழியில்லை. தொலைபேசி மேசைவரை போய்த் திரும்பினேன். இன்றைக்கும் அது சரியா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த பர்மா நாவிதர்தான் மொட்டை போட்டார். சின்னஞ்சிறு பிள்ளைகளைச் சில நாளைக்குப் பௌத்தத் துறவிகளாக்கும்போது தலை மழித்துப் பழகிய கை, மீனு சிணுங்கக்கூட இல்லை. அவர்கள் வழக்கத்தில் முடி தரையில் விழக்கூடாதாம். நானும் வள்ளி அக்காவும் ஒரு வெள்ளைத் துண்டின் இரு முனைகளைப் பிடித்து ஏந்திக்கொண்டோம். சுருள் சுருளாக அதில் விழுந்தது. அம்மன் காலடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டேன். வலித்தது. ஊருக்கு வந்த பிறகு இன்னும் வலித்தது. மாமியார் பங்குனிவரை என்னோடு பேசவில்லை, குலதெய்வம் கோவிலில் எல்லார் முன்னாலும் என்னை விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். ஆய்வையும் மறுவருடம் முடித்தேன்.

கோவிலிலிருந்தே தாகேதாவுக்குக் கிளம்பினோம். ஓட்டை இல்லாத காராகப் பார்த்து வள்ளி அக்கா நான்கு காரைத் திருப்பி அனுப்பினார்.

டோ மியா மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. பேசிவைத்த நாளுக்கு மூன்று நாள் தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றேன். தேநீரும் வறுத்த பட்டாணியும் வைத்தார். பட்டாணியை மீனுவின் கைக்கு எட்டாமல் நான் நகர்த்தினேன். பத்துக் கற்களைப் பார்த்து, படிவை எடுக்காமல் சொல்வது கடினம் என்றார். ஏழாம் எண்ணைத் தனியாக ஒரு காகித மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கைலென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு, நான் தடுக்குமுன், நாக்கை நீட்டி நக்கிப் பார்த்தார்.

வள்ளி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கல்மரம்தான்" என்றார் டோ மியா. "சந்தேகமே இல்லை. இவ்வளவு சுத்தமாகப் படிவை எடுத்து நான் பார்த்ததில்லை. விளிம்பு ஒரு துளிகூடக் கெடவில்லை. எந்த ஆய்வகம்? எவ்வளவு நேரம் ஊறியது?"

"இரண்டு நாள்" என்றேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், என் மடியில் இருந்தவளின் மொட்டைத் தலையை அவர் பக்கம் திருப்பினேன்.